கடையடைத்த பின் கள்ளக்குறிச்சி: நகர நடுவின் இரவு குறித்த ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

இரவு நகரம் என்றதும் எழுதுகிறவர்களின் கை மதுரைக்கும் சென்னைக்கும் போய்விடுகிறது. இக்கட்டுரை கள்ளக்குறிச்சியை எடுத்துக்கொள்கிறது. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டத்தின் தலைநகரான ஊர் இது. பெருநகரம் அன்று. ஆயினும் கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு வங்கி, வழக்கு, வைத்தியம், துணிக்கடை எல்லாவற்றுக்கும் இதுதான் நகரம். மலையிலிருந்து இறங்கி வருபவர் அளவில் நான்குமுனைச் சந்திப்பும் பேருந்து நிலையமும் பட்டணத்தின் நடுப்பகுதிதான்.

இங்கே நிறுவ முயலும் கருத்து ஒன்றே. இத்தகைய ஊரின் இரவை உருவாக்குவது பொழுதுபோக்க வந்தவர்களின் விருப்பம் அன்று. வீடு திரும்ப வழியில்லாதவர்களின் கட்டாயமும், நிறுத்த முடியாத வேலையுமே.

2. முன்மரபு

இரவுத் தெருவை முறையாகப் பகுத்துப் பார்ப்பது தமிழுக்குப் புதிதன்று. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, பகலில் கூடும் நாளங்காடியையும் மாலைக்குப் பின் விரியும் அல்லங்காடியையும் தனித்தனியே காட்டுகிறது; யாமம் யாமமாகத் தெருவில் யார் நடமாடினர் என்றும் சொல்லிச் செல்கிறது. வணிகர், கள்வர், ஊர்க்காவலர் என ஒவ்வொரு பொழுதுக்கும் ஒவ்வொரு மக்கள். ஏழரை நாழிகை கொண்ட அந்த யாமக் கணக்கே இங்கும் அளவுகோல்.

3. இடம்

கள்ளக்குறிச்சியின் பகல் மையம் மெல்ல வெளியே நகர்ந்துகொண்டிருக்கிறது. சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையின் வாகனங்கள் புறவழிச்சாலையில் போய்விடுகின்றன. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி சிறுவங்கூரில் இருக்கிறது. ஆட்சியர் அலுவலக வளாகத்துக்கு வீரசோழபுரத்தில் இடம் தேர்வாயிற்று. இரவு மையம் மட்டும் இடம் மாறவில்லை. பேருந்து நிலையத்தைச் சுற்றி, துருகம் சாலையும் சேலம் சாலையும் கச்சிராயபாளையம் சாலையும் வந்து சேரும் பகுதியிலேயே அது நிற்கிறது. காரணம் எளிது: அலுவலகத்தை ஊருக்கு வெளியே கட்டலாம், பேருந்துக்குக் காத்திருப்பவர் பேருந்து வரும் இடத்தில்தான் நிற்க முடியும்.

4. யாமப் பகுப்பு

4.1 முதல் யாமம் (மாலை 6–9): கடைவீதிக்கு இதுவே உச்சப்பொழுது. மலைக்காரருக்கோ இது பதற்றத்தின் பொழுது. கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மலையேறி வெள்ளிமலைக்குப் போகும் பேருந்தைத் தவறவிட்டால் அன்றிரவு நகரத்தில்தான். ஊர்க்காரருக்குக் கடையடைப்போடு தொடங்கும் இரவு, இவர்களுக்குக் கடைசிப் பேருந்தோடு தொடங்கிவிடுகிறது.

4.2 இரண்டாம் யாமம் (9–12): கொத்து பரோட்டாக் கல்லின் சத்தம், தள்ளுவண்டியின் ஆவி பறக்கும் இட்லி, 10 மணிக்குச் சாத்தப்படும் டாஸ்மாக். பெங்களூருக்கும் சென்னைக்கும் கட்டட வேலைக்குக் கிளம்புவோர் பையும் போர்வையுமாக நிற்கும் நேரமும் இதுவே. தெரு கலகலப்பாகத் தெரிகிறது. கூர்ந்து பார்த்தால் நிற்பவர்களில் பெரும்பாலோர் ஊரை விட்டுப் போகிறவர்கள்.

4.3 மூன்றாம் யாமம் (12–3): ஆலையின் பொழுது. வெட்டிய கரும்பை ஏறத்தாழ ஒரு நாளுக்குள் அரைக்காவிட்டால் சர்க்கரைச் சத்து இறங்கும். ஆகவே அரவைப் பருவத்தில் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்கு இரவு என்பதே இல்லை. டிராக்டர் ஓட்டுநருக்காகவும் லோடு இறக்குபவருக்காகவும்தான் நள்ளிரவில் ஒரு டீக்கடை திறந்திருக்கிறது.

4.4 நான்காம் யாமம் (3–6): பால், பூ, காய்கறி, நாளிதழ்க் கட்டு. மலையிலிருந்து வரும் கடுக்காய், புளி, மரவள்ளி மூட்டைகள் விலைபோகும் நாளுக்கான ஆயத்தம் இங்கிருந்து தொடங்குகிறது.

5. மக்கள் வகை

இரவில் தெருவில் இருப்போரை நான்காகப் பிரிக்கலாம்: கடந்து போகிறவர், வேலையிலிருப்பவர், மாட்டிக்கொண்டவர், நாடி வந்தவர். சுற்றுலா எழுத்து கடைசி வகையை மட்டும் காண்கிறது. கள்ளக்குறிச்சியில் அதுவே மிகச் சிறியது. மாட்டிக்கொண்டோருள் குறிப்பிடத்தக்கவர், உள்நோயாளிக்குத் துணையாக மலையிலிருந்து வந்தவர்கள். மருத்துவமனையில் நோயாளிக்குக் கட்டில் உண்டு. துணைக்கு வந்தவருக்குத் தரையே.

நாடி வருவோரின் இரவு இம்மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. சித்திரையில் உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில், அரவானுக்காகத் திருநங்கையர் தாலி கட்டிக்கொள்ளும் இரவு அது. அதற்கு முந்திய நாள்களில் விழுப்புரத்து விடுதிகளும் வீதிகளும் அவர்களால் நிறைகின்றன. மற்ற நாள்களில் இரவுத் தெருவில் நின்றாலே ஐயத்துக்கு ஆளாகிறவர்கள், அப்போது விருந்தினர் ஆகிறார்கள். அதே தெருவில் நிற்க யாருக்கு உரிமை என்பதை ஊர் நாளுக்கொரு விதமாக முடிவுசெய்கிறது என்பதற்கு இது சான்று.

6. சட்டம்

2019 மே மாத அரசாணை தமிழ்நாட்டில் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்க அனுமதி தந்தது. 2022இல் அது நீட்டிக்கப்பட்டது. ஆனால் அது பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கானது. கள்ளக்குறிச்சியின் இரவைத் தாங்கும் டீக்கடையில் வேலையாள்கள் இருவரோ மூவரோ. தள்ளுவண்டிக்கு உரியது 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம். நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் வியாபாரிகளுக்கு, அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்கிறது அது. அக்குழு தெருவை இடத்தால் மட்டும் பங்கிடாமல் பொழுதாலும் பங்கிட்டால், பகலில் ஒருவரும் இரவில் இன்னொருவரும் ஒரே இடத்தில் பிழைக்கலாம்.

7. இருண்ட பக்கம்

2024 ஜூனில் நகருக்குள்ளேயே உள்ள கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்தவர்களுள் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் கூலித் தொழிலாளர். கள்ளச்சாராயம் என்றதும் கல்வராயன் மலை மீது கைகாட்டும் வழக்கம் உண்டு. கருணாபுரத்தில் கொன்றதோ மலையில் ஊறல் போட்டுக் காய்ச்சியது அன்று. ஆலைத் தேவைக்கான மெத்தனால். அரசுக் கடை நண்பகல் 12 முதல் இரவு 10 வரை. உடல் நோக உழைத்தவனின் கைப்பணமோ அந்த விலைக்கும் எட்டாது, அவன் பொழுதோ அந்த நேரத்துக்குள் அடங்காது. விலையிலும் நேரத்திலும் விழுந்த இந்த இடைவெளியில்தான் நஞ்சு விற்பனையாயிற்று. ஆகவே இரவுத் தெருவின் ஒழுங்கைக் கடை மூடும் நேரத்தைக் கொண்டு மட்டும் அளக்க இயலாது.

8. முடிவு

மேற்கண்ட பகுப்பிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, இந்நகரின் இரவு ஓய்வின் விளைவன்று, போக்குவரத்தின் விளைவு. மலைக்குப் பின்மாலையில் இன்னொரு பேருந்து விட்டால் மாட்டிக்கொள்வோர் தொகை குறையும். இரண்டாவது, மீந்து நிற்பவர்களுக்கு வேண்டியவை பெண்கள் அஞ்சாமல் போகத்தக்க கழிப்பறை, விளக்கு, குடிநீர், குறைந்த கட்டணத்தில் படுக்க ஓர் இடம். மூன்றாவது, சிறு கடையின் இரவு உழைப்புக்குப் பெருங்கடைக்குள்ள அதே சட்டப் பாதுகாப்பு வேண்டும். இவை எதுவும் நகரை அழகுபடுத்தும் திட்டங்களில் முதல் பக்கத்தில் வருவதில்லை. வந்தால்தான், வெள்ளிமலைக்காரர் ஒருவர் நகரத்தில் இரவு தங்குவதை விபத்தாக எண்ணாமல் பயணமாக எண்ண முடியும்.