நூலகப் பட்டியலிலிருந்து தேடுபொறி வரை

தொழில் செய்வோர் தம்மைப் பிறருக்கு அறிவிக்கும் முறைகள் இரண்டு. தெருவில் கூவிச் செல்வது ஒன்று. கடை வாசலில் பெயர்ப்பலகை மாட்டி, தேவைப்படுவோர் தேடி வரும்படி செய்வது மற்றொன்று. கீரை விற்பவரின் குரல், கீரை வேண்டாதவர் காதிலும் விழும். பூட்டு ரிப்பேர் கடையின் பலகையையோ, சாவியைத் தொலைத்தவர்தான் நின்று படிப்பார்.

இன்றைய இணையத்திலும் இவ்விரு முறைகளும் உள்ளன. சமூக ஊடகங்கள் கூவி விற்கும் தெருவைப் போன்றவை. அங்கே இன்று போட்ட செய்தி நாளை கீழே போய்விடும். மறுநாளும் கூவ வேண்டும். தேடுபொறியோ பெயர்ப்பலகையைப் போன்றது. தேவை உள்ளவர் தாமே வந்து கேட்கிறார். அவர் கேட்கும்போது நம் பக்கம் முன்வரிசையில் தென்படுமாறு அதனை அமைக்கும் முறைக்குத் 'தேடுபொறிச் சீரமைப்பு' என்று பெயர். 1997-ம் ஆண்டையொட்டி இப்பெயர் வழக்கிற்கு வந்தது. ஆனால் இதன் அடிப்படைக் கேள்வி இணையத்தைவிட மூத்தது. தேடுபவரையும் அவருக்குரிய பொருளையும் விரைவில் சேர்த்து வைப்பது எப்படி? இக்கேள்வியை முறையாக ஆராய்ந்தவர்களுள் தலையாய ஒருவர் நம் சென்னையில் பணியாற்றினார் என்பதை மாணவர் பலர் அறியார்.

சென்னையில் எழுந்த கேள்வி

சீர்காழியில் 1892-ம் ஆண்டில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-ம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக அமர்த்தப்பட்டார். நூலகவியல் பயில லண்டனுக்கு அனுப்பப்பட்டபோது, அங்கே ஒரு கடையில் 'மெக்கானோ' என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டார். சில துண்டுகளையும் திருகுகளையும் பலவாறு இணைத்துப் பற்பல பொம்மைகள் செய்யலாம். அறிவுத் துறைகளையும் இவ்வாறே சில அடிப்படைக் கூறுகளை இணைத்துக் குறிக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணமே 1933-ம் ஆண்டில் 'கோலன் பகுப்பு முறை'யாக வெளிவந்தது.

எந்தப் பொருளையும் ஐந்து கூறுகளால் குறிக்கலாம் என்பது அவர் பின்னர் வகுத்த விதி. முதன்மைப் பொருள், அது ஆக்கப்பட்ட பண்டம், அதன்மேல் நிகழும் செயல், இடம், காலம் என்பன அவை. நெற்பயிர், பூச்சித் தாக்குதல், தஞ்சை, 1930 என்று ஒரு நூலைக் குறித்துவிட்டால், அதை நாடி வருபவர் எந்தக் கூற்றைப் பற்றிக்கொண்டு வந்தாலும் நூலை அடைந்துவிடுவார்.

1931-ம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளுள் இரண்டு இங்கே நமக்கு முக்கியமானவை. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் ஒருவர் இருக்கிறார் என்பது ஒன்று. வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது மற்றொன்று. 'நூல்' என்ற இடத்தில் 'தொழில்' என்றும், 'வாசகர்' என்ற இடத்தில் 'வாடிக்கையாளர்' என்றும் வைத்துப் பாருங்கள். நேர்மையான தேடுபொறிச் சீரமைப்பின் இலக்கணம் முழுவதும் இவ்விரு விதிகளில் அடங்கிவிடும்.

சொற்களுக்கு எடை

நூலகத்தில் பட்டியல் எழுத ஒரு மனிதர் இருந்தார். கோடிக்கணக்கான பக்கங்களுக்கு எவர் எழுதுவது? அவ்வேலையைக் கணிப்பொறிக்குக் கற்பிக்க முயன்றவர்களுள் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் முன்னோடி. ஒரு கட்டுரையில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பதைக் கொண்டு அக்கட்டுரையின் பொருளை ஊகிக்கலாம் என்று 1950-களின் பிற்பகுதியில் அவர் எடுத்துக்காட்டினார்.

ஆனால் எல்லாச் சொற்களும் சமமானவை அல்ல. 1972-ம் ஆண்டில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற அம்மையார், அரிதாக வரும் சொல்லுக்கே எடை மிகுதி என்பதை நிறுவினார். ஓர் எளிய கணக்குப் போடுவோம். 10,000 பக்கங்கள் இருப்பதாகக் கொள்க. 'ஒரு' என்ற சொல் அத்தனை பக்கங்களிலும் உள்ளது. 10,000-ஐ 10,000-ஆல் வகுத்தால் 1. அதன் மடக்கை 0. எனவே அச்சொல்லின் எடை பூச்சியம். 'தையல்' என்ற சொல் 10 பக்கங்களில் மட்டும் உள்ளது. 10,000-ஐ 10-ஆல் வகுத்தால் 1,000. அதன் மடக்கை 3. எனவே எடை 3. தேடுபவருக்கு வழிகாட்டுவது இரண்டாவது சொல்லே.

1995-ம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த ஆல்ட்டாவிஸ்ட்டா போன்ற தொடக்கக் காலத் தேடுபொறிகள் பெரும்பாலும் இத்தகைய சொற்கணக்கையே நம்பின. விளைவு என்ன? வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் ஒரே சொல்லை நூற்றுக்கணக்கான முறை எழுதி வைத்தனர் சிலர். மனிதர் கண்ணுக்கு அது தெரியாது; பொறிக்குத் தெரியும். தராசு எப்படி நிறுக்கிறது என்று தெரிந்துவிட்டால், தட்டுக்கு அடியில் புளி ஒட்டுவோரும் தோன்றிவிடுவர் அல்லவா?

சான்றுகளுக்கு எடை

இந்த ஏமாற்றுக்கு மாற்று, அறிவியல் இதழ்களின் மரபிலிருந்து கிடைத்தது. ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பின்வந்தோர் எத்தனை பேர் மேற்கோள் காட்டுகின்றனர் என்பது அதன் செல்வாக்கைக் காட்டும். யூஜீன் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர் 1955-ம் ஆண்டில் இக்கருத்தை முன்வைத்தார். 1964-ம் ஆண்டில் அறிவியல் மேற்கோள் அட்டவணை நடைமுறைக்கு வந்தது. ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொல்வதைவிடப் பிறர் சொல்வதற்கு மதிப்பு அதிகம் என்னும் உலக வழக்கே இதன் அடிப்படை.

1990-களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜ், செர்கி பிரின் ஆகிய மாணவர்கள் இதையே வலைப்பக்கங்களுக்குப் பொருத்தினர். ஒரு பக்கத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொடுக்கப்படும் இணைப்பு ஒரு சான்று எனக் கொள்ளப்பட்டது. 'பேஜ்ரேங்க்' எனப்படும் இம்முறையை விளக்கிய கட்டுரையின் ஆசிரியர்களுள் ஜம்முவில் பிறந்த ராஜீவ் மோட்வானியும் ஒருவர்.

இதன் இயக்கத்தை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். அ, ஆ, இ என மூன்று பக்கங்கள். 'அ' என்பது ஆ, இ இரண்டிற்கும் இணைப்புத் தருகிறது. 'ஆ' என்பது இ-க்கு மட்டும் தருகிறது. 'இ' என்பது அ-வுக்கு மட்டும் தருகிறது. இப்பக்கங்களில் 100 பேர் உலவுவதாகவும், நிமிடத்திற்கு ஒருமுறை ஏதேனும் ஓர் இணைப்பின் வழியே அடுத்த பக்கம் செல்வதாகவும் கொள்க. நெடுநேரம் கழிந்ததும் அ-வில் 40 பேர், ஆ-வில் 20 பேர், இ-யில் 40 பேர் என்ற சமநிலை ஏற்படும். சரிபார்க்கலாம். அ-விலுள்ள 40 பேரில் 20 பேர் ஆ-வுக்கும் 20 பேர் இ-க்கும் செல்வர். ஆ-விலுள்ள 20 பேரும் இ-க்குச் செல்வதால் இ-யில் 40 ஆகும். இ-யிலிருந்த 40 பேர் அ-வுக்கு வருவர். எண்ணிக்கை மாறவில்லை! வெப்பம் பரவிச் சமநிலை அடைவதைப் பயின்ற மாணவர்க்கு இது பழகிய காட்சியே.

இதிலொரு நுட்பம் உண்டு. இ-க்கு இரண்டு சான்றுகள். அ-வுக்கு ஒன்றே ஒன்று. ஆயினும் இரண்டும் சம மதிப்புடையன. அ-வுக்குச் சான்று தந்தது, மதிப்புமிக்க 'இ' என்பதே காரணம். எத்தனை பேர் சொன்னார்கள் என்பதோடு, யார் சொன்னார்கள் என்பதும் கணக்கில் சேர்கிறது. பின்னர் அமித் சிங்கால் என்ற இந்தியர் 2001-ம் ஆண்டில் கூகுளின் வரிசைப்படுத்தும் நிரலைத் திருத்தி எழுதினார். இணைப்புகளை விலைக்கு வாங்கும் புதிய ஏமாற்றும் பிறக்கவே, 2011-ம் ஆண்டில் 'பாண்டா', 2012-ம் ஆண்டில் 'பெங்குவின்' என்னும் மாற்றங்களால் சரக்கில்லாத பக்கங்களும் போலி இணைப்புகளும் பின்னுக்குத் தள்ளப்பட்டன.

அசோக் நகரில் ஒரு கடை

சென்னை அசோக் நகரை எடுத்துக்கொள்வோம். அசோகத் தூணை அடையாளமாகக் கொண்ட இப்பகுதியில் அவென்யூக்களுக்கும் தெருக்களுக்கும் பெரும்பாலும் எண்களே பெயர். முன்பு புதிதாக வருபவருக்கு 'உதயம் தியேட்டர் பக்கம்' என்று சொன்னால் போதும். இன்று அத்திரையரங்கம் இல்லை. கூகுளின் தலைமைப் பொறுப்பை 2015-ம் ஆண்டில் ஏற்ற சுந்தர் பிச்சை வளர்ந்ததும் பள்ளி சென்றதும் இந்த அசோக் நகரில்தான்.

இங்கே தையல் மெஷின் பழுது பார்ப்பவர் ஒருவர் கடை வைத்திருப்பதாகக் கொள்வோம். சமூக ஊடகத்தில் நாள்தோறும் படம் போட அவருக்கு நேரமில்லை. அவர் செய்யத்தக்கது என்ன?

முதலாவது, தேடுபவரின் சொல்லைப் பயன்படுத்துதல். 'தையற்பொறிச் செப்பனீட்டகம்' என்பது அழகிய தமிழே. ஆனால் வீட்டில் ஊசி முறிந்து நிற்பவர் 'தையல் மெஷின் ரிப்பேர் அசோக் நகர்' என்றுதான் தேடுவார். இச்சொற்றொடரில் இரங்கநாதனின் கூறுகள் அமைந்திருப்பதைக் காண்க. தையல் மெஷின் முதன்மைப் பொருள், ரிப்பேர் செயல், அசோக் நகர் இடம். கடை திறந்திருக்கும் நேரத்தையும் குறித்துவிட்டால் காலமும் சேர்ந்துவிடும்.

இரண்டாவது, ஐயம் தீர்க்கும் பக்கங்களை எழுதுதல். நூல் அடிக்கடி அறுவது ஏன், எண்ணெய் எங்கே விட வேண்டும், பழைய கால் மெஷினுக்கு மோட்டார் பொருத்தலாமா என்பன போன்ற கேள்விகளுக்கு அனுபவசாலி எழுதும் விடை, பல ஆண்டுகள் ஆனாலும் பயன் தரும். மூன்றாவது, சான்று. தையற் பள்ளியோ, துணிக்கடையோ தம் பக்கத்தில் அவர் கடைக்கு ஓர் இணைப்புத் தந்தால் அது பெருமதிப்புடையது. நான்காவது, தேடுபொறியின் வரைபடத்தில் கடையைச் சரியான முகவரியோடு பதிவு செய்தல். உள்ளூர்த் தேடலில் பொருத்தம், தொலைவு, பெயர் பெற்றிருத்தல் ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுள் கூறுகிறது. தொலைவு முக்கியமாதலால், அசோக் நகரில் இருப்பவருக்கு அசோக் நகர்க் கடை பெரிய நிறுவனத்தையும் முந்தித் தோன்றக்கூடும். பலன் உடனே கிட்டாது. ஆனால் ஒருமுறை எழுதியது உறங்கும்போதும் உழைக்கும்.

தமிழுக்கு நேர்ந்த இடர்

தமிழ்ப் பக்கங்கள் ஒரு காலத்தில் இவ்வாறு கண்டெடுக்கப்படும் தகுதியையே இழந்திருந்தன. 1990-களில் ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. திரையில் 'அ' என்று தெரிந்தாலும், உள்ளே பதிவாகியிருந்தது ஏதோ ஓர் ஆங்கில எழுத்தின் குறியீடு. கண் தமிழைப் படித்தது. பொறி குழப்பத்தைப் படித்தது. 1999-ம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஒழுங்கு காண முயன்றது. பின்னர் ஒருங்குறி பரவியது; 2010-ம் ஆண்டில் தமிழக அரசும் அதனை ஏற்றது. அதன் பிறகே தமிழ்ச் சொல்லைத் தமிழிலேயே தேடிக் கண்டெடுப்பது எங்கும் இயல்பாயிற்று. இன்னும் ஒரு சிக்கல், நம் மொழியின் அமைப்பு. நகர், நகரில், நகருக்கு, நகரிலிருந்து எல்லாம் ஒரே சொல்லின் உருவங்கள் என்று பொறி உணர வேண்டும்.

பட்டியல் யார் கையில்?

சமூக ஊடகத்தை மட்டும் நம்புவதன் ஆபத்து 2020-ம் ஆண்டு ஜூன் 29 அன்று புலப்பட்டது. டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. அதில் கூட்டம் சேர்த்திருந்தோர் அக்கூட்டத்தை அப்படியே இழந்தனர்.

அப்படியானால் தேடுபொறி முழுப் பாதுகாப்பானதா? அதுவும் ஒரு தனியார் நிறுவனத்தின் உடைமையே. சென்னையில் தலைமையகம் கொண்ட பாரத் மேட்ரிமோனி நிறுவனத்தின் அனுபவம் இதற்குச் சான்று. தன் பெயரைத் தேடுவோருக்குப் போட்டியாளரின் விளம்பரம் காட்டப்படுகிறது என்று அது தொடுத்த வழக்கில், 2010-ம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தீர்ப்பு வழங்கியது. திருமணம் போன்ற பொதுச் சொற்களை ஒருவர் தமக்கே உரிமையாக்கிக்கொள்ள முடியுமா என்னும் கேள்வி அதில் ஆராயப்பட்டது. 2012-ம் ஆண்டில் அந்நிறுவனமும் ஒரு நுகர்வோர் அமைப்பும் அளித்த புகார்களின் மீது, தேடலில் சார்பு காட்டியதாக இந்தியப் போட்டி ஆணையம் 2018-ம் ஆண்டு பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2024-ம் ஆண்டு முதல், செயற்கை அறிவு தொகுத்த விடையையும் தேடுபொறி பக்கத்தின் உச்சியில் தருகிறது. விடை அங்கேயே கிடைத்துவிட்டால் பக்கத்தைத் திறப்பவர் குறையக்கூடும்.

இரங்கநாதனின் பட்டியல் பொதுக் கூடத்தில் இருந்தது, அதன் விதிகள் அச்சில் வெளிவந்தன, எவரும் சரிபார்க்கலாம். இன்றைய பட்டியலின் விதிகள் பெரும்பகுதி மறைவாக உள்ளன. எனவே சிறு தொழில் செய்வோர் தம் எழுத்தைத் தமக்குச் சொந்தமான முகவரியில் வைத்திருப்பது நலம். அப்போது எந்தத் தேடுபொறி மாறினாலும் சரக்கு கையில் இருக்கும். வந்த வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணைக் குறித்து வைக்கும் பழைய நோட்டுப் புத்தகமும் வீணன்று.

மாணவர்களுக்கும் இதில் பணி உண்டு. தமிழ்ச் சொல்லின் வேரைக் கண்டறியும் நிரல்கள், மக்கள் வழங்கும் பெயர்களையும் நூல்வழக்குப் பெயர்களையும் இணைக்கும் சொற்பட்டியல்கள், யாவரும் சரிபார்க்கத்தக்க திறந்த தேடுபொறிகள் ஆகியன தமிழில் இன்னும் பெருக வேண்டும். இவற்றிற்கு வேண்டிய கணிதம் கல்லூரிப் பாடத்தில் உள்ள மடக்கையும் நிகழ்தகவும் அணிகளும்தாம். கணித வகுப்பிலிருந்து நூலகத்திற்குச் சென்ற ஒருவர் சென்னையில் தொடங்கிய வேலையின் தொடர்ச்சியே இது.