எல்லைக் கோடுகளும் ஆபிரிக்க ஒருமையுணர்வும்

ஆபிரிக்கர் என்ற பொதுப்பெயரின் கீழ் முதன்முதல் ஒன்றுகூடியோருட் பலர் ஆபிரிக்காவிற் பிறந்தவரல்லர். 1900ஆம் ஆண்டில் இலண்டனில் அனைத்து ஆபிரிக்க மகாநாட்டைக் கூட்டிய ஹென்றி சில்வெஸ்ரர் வில்லியம்ஸ் திரினிடாட் தீவினர். 1919இல் பாரிசில் இவ்வியக்கத்தை முன்னெடுத்த டு போய்ஸ் அமெரிக்கர். அடிமை வாணிபத்தால் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் கொண்டு செல்லப்பட்டோரின் வழித்தோன்றல்கள் பலருக்குத் தம் முன்னோர் யோருபா இனத்தவரா அக்கான் இனத்தவரா என்பது தெரியாதுபோயிற்று. எஞ்சியது கண்டத்தின் பெயர் ஒன்றே. கண்டத்தினுள்ளே வாழ்ந்தோருக்கோ ஊரும் குலமும் மொழியும் இருந்தன. கண்டம் என்ற எண்ணம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அத்தேவையை ஏற்படுத்தியது ஐரோப்பிய ஆட்சியே. 1884-85இல் பேர்லினிற் கூடிய பதினான்கு நாடுகளுள் ஆபிரிக்க நாடு ஒன்றேனும் இருக்கவில்லை. எல்லைகள் யாவும் அம்மகாநாட்டிலேயே வரையப்பட்டன என்று கூறுவது மிகையாகும். அங்கு வகுக்கப்பட்டவை பெரும்பாலும் ஆக்கிரமிப்புக்கான விதிமுறைகளே. கோடுகள் வெவ்வேறு ஒப்பந்தங்கள் வாயிலாகப் பின்னரே வந்தன. சோமாலியர் பிரித்தானிய, இத்தாலிய, பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளுக்கும் எதியோப்பியாவுக்குமிடையே பிரிக்கப்பட்டனர். 1896இல் அட்வாப் போரில் இத்தாலியரை முறியடித்த எதியோப்பியா கறுப்பின மக்களின் பெருமைச் சின்னமாயிற்று. அதே எதியோப்பியா சோமாலியர் நிலத்திற் பங்கு கொண்டமையை அப்பெருமையைப் பேசுவோர் பலர் கூறாது விடுவர்.

1945இல் மன்செஸ்ரரில் நடைபெற்ற மகாநாட்டில் நிக்ருமா, கென்யாட்டா முதலியோர் முன்னணிக்கு வந்தனர். கானா 1957இல் விடுதலை பெற்றது. மறு ஆண்டு அக்ராவிற் கூடிய மக்கள் மகாநாடு ஏகாதிபத்தியவாதிகள் வரைந்த செயற்கை எல்லைகளைக் கண்டித்தது. ஆயின் 1963இல் அடிஸ் அபாபாவில் 32 நாடுகள் கூடி ஆபிரிக்க ஒற்றுமை நிறுவனத்தைத் தோற்றுவித்தன. அதற்கடுத்த ஆண்டு கெய்ரோவில் அந்நிறுவனமே விடுதலையின்போதிருந்த எல்லைகளை மதிப்பதெனத் தீர்மானித்தது. ஆறே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று.

இதனைத் தலைவர்களின் பதவியாசை என்று மட்டும் விளக்குதல் பொருந்தாது. அநேகமாக ஒவ்வோர் அரசும் பல மொழியினரைக் கொண்டிருந்தது. ஒரு கோட்டைத் திருத்தின் மற்றையவற்றையும் திருத்தவேண்டிவரும். 1963 ஒக்ரோபரில் மொறோக்கோவும் அல்ஜீரியாவும் எல்லைக்காகப் போரிட்டமை அவ்வச்சத்தை மெய்ப்பித்தது. எனினும் அம்முடிவின் விலையைச் செலுத்தியோர் தலைவர்களல்லர். 1967 முதல் 1970 வரை நைஜீரியாவிலிருந்து பிரிந்து நின்ற பயாபராவில் பெருந்தொகையானோர் பட்டினியால் மாண்டனர். ஒற்றுமை நிறுவனம் நைஜீரியாவின் ஒருமைப்பாட்டையே ஆதரித்தது. கண்ட ஒற்றுமையில் உறுதியான பற்றுடைய தன்சானியத் தலைவர் நைரேரே 1968இல் பயாபராவை அங்கீகரித்தார். மக்களைக் காக்கவே அரசு என்ற அவரது நிலைப்பாடு, என் கருத்தில், அனைத்து ஆபிரிக்கக் கொள்கையின் உட்பொருளுக்கு கெய்ரோத் தீர்மானத்தைக் காட்டிலும் அண்மையானது.

பண்பாட்டுத் துறையிலும் இம்முரண்பாடு காணப்படுகின்றது. செனகலைச் சேர்ந்த செங்கோரும் மார்ட்டினிக் தீவினரான செசயரும் கறுப்பின மக்களின் தனித்துவத்தைப் பிரெஞ்சு மொழியிலேயே பாடினர். 1962இல் உகண்டாவின் மக்கரேரேயில் நடந்த ஆபிரிக்க எழுத்தாளர் மகாநாடு ஆங்கிலத்தில் எழுதுவோருக்கானது. அதிற் கலந்துகொண்ட கூகி வா தியாங்கோ பின்னர் கிக்கூயு மொழியில் எழுதத் தலைப்பட்டார். அவர் தாய்மொழிக்குத் திரும்பியபோது கண்டத்தின் பல நாடுகளில் நேரடியாகப் படிக்கத்தக்க மொழியை விட்டு நீங்கவேண்டியிருந்தது. இச்சிக்கலுக்கு எளிய விடையில்லை.

கண்டத்தை உண்மையில் ஒன்றிணைத்தது தென்னாபிரிக்க நிறவெறிக்கெதிரான போராட்டமே எனலாம். 1994இல் அது வெற்றி பெற்றது. 2002இல் ஒற்றுமை நிறுவனத்தின் இடத்தில் ஆபிரிக்க ஒன்றியம் அமைந்தது. பழைய கோடுகளோ வலுவிழக்கவில்லை. முப்பதாண்டுப் போரின் பின் 1993இல் எதியோப்பியாவிலிருந்து பிரிந்த எரித்திரியா தன் உரிமைக்கு ஆதாரமாகக் காட்டியது இன ஒருமையையன்று. அட்வாவில் தோற்ற இத்தாலியர் விட்டுச்சென்ற குடியேற்ற எல்லையையே.