இதய மின்வரைவும் தவறான நோயறிதலும்

இதய மின்வரைவு (ஈ.சி.ஜி.) இதயத்தின் மின்னோட்டத்தைத் தோலின் மீதிருந்து பதிவு செய்கிறது. கை நடுங்கினாலும், கம்பி தளர்ந்தாலும், மின்முனைகள் இடம் மாறினாலும் அவையும் தாளில் அலைகளாகவே விழும். அவற்றை இதயத்தின் அலைகளாகக் கொள்வது தவறான நோயறிதலுக்குப் பெரிய வாயில்.

இத்துறையே கருவியின் பிழையைத் திருத்துவதில்தான் வளர்ந்தது. 1887இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அகஸ்டஸ் வாலர், நுண்குழாய் மின்னளவியால் மனித இதயத்தின் மின்னலையைப் பதிவு செய்தார். அதிலிருந்த பாதரசம் மெல்ல நகர்ந்ததால் அலைகள் மழுங்கியிருந்தன. நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் மூல வடிவத்தைக் கணக்கிட்டு மீட்டு, அலைகளுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயரிட்டார். பின்னர் அவர் அமைத்த இழைக் கால்வனோமானி, கணக்கில் வந்த அதே வடிவத்தை நேரடியாக வரைந்தது. ஏறத்தாழ 270 கிலோ எடையுள்ள அக்கருவிக்கு நோயாளி இரு கைகளையும் இடது காலையும் உப்புநீர்க் கலங்களில் வைத்திருக்க வேண்டும். இப்பணிக்காக அவர் 1924இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த மூன்று உறுப்புகளாலான ஐந்தோவன் முக்கோணமே இன்றும் பிழை காட்டும் சிறந்த கருவி. இவ்வுறுப்புகளை இரண்டிரண்டாக இணைத்து எடுக்கும் மூன்று பதிவுகளில், கை மின்முனைகள் இரண்டும் மாறிவிட்டால் முதல் பதிவு தலைகீழாகும். இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறும். இதயம் வலப்புறம் அமைந்தவர்களிடமும் முதல் பதிவு தலைகீழாகவே வரும். ஆனால் அவர்களிடம் மார்புப் பதிவுகளில் ஆர் அலை இடப்பக்கம் செல்லச் செல்லக் குறையும். கம்பி மாறியிருந்தால் வழக்கம்போல் வளரும். பார்க்கின்சன் நடுக்கம் நொடிக்கு 4 முதல் 6 முறை வருவதால், நிமிடத்துக்குச் சுமார் 300 அலைகள் கொண்ட ஏட்ரியல் ஃப்ளட்டர் என்னும் மேலறைப் படபடப்பு போலத் தோன்றும். நடுங்குவது வலக்கை மட்டுமாயின், அக்கை சேராத மூன்றாம் பதிவு தெளிவாயிருக்கும்.

இத்தகைய பொய் அலைகளைக் கீழறை மிகைத்துடிப்பு என்று கொண்டதால் சிலருக்கு வேண்டாத இதய வடிகுழாய்ச் சோதனை நடந்ததை 1999இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்டது. குழப்பத்தினிடையே சீரான இடைவெளியில் தெரியும் கூர்முனைகளும், கைவிரலில் மாறாத நாடியும் உண்மையைக் காட்டிவிடும். வரைவுக்கு முன் நாடியைப் பார்ப்பதே முறை.

எதிர்ப்பிழை இதனினும் கொடியது. அகன்ற அலைகளுடன் வரும் வேகத்துடிப்பை மேலறைக் கோளாறென்று எண்ணி வெரபமில் என்னும் மருந்தைச் செலுத்தினால், அது கீழறை மிகைத்துடிப்பாயிருக்கும்போது இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். இவ்விரண்டையும் பிரித்தறிய புருகாடா குழுவினர் 1991இல் படிநிலை விதிகள் வகுத்தனர். ஐயமிருப்பின் கீழறை மிகைத்துடிப்பென்றே கொள்ள வேண்டும்.

இன்றைய கருவிகள் தாளின் தலைப்பிலேயே நோயின் பெயரை அச்சிடுகின்றன. அது மருத்துவரின் வாசிப்புக்கு மாற்றாகாது.