'ஜகதேக வீருடு அதிலோக சுந்தரி': மோதிரத்தைத் தொலைத்த தேவகன்னியும், தொலையவிருந்த படச்சுருளும்

திருப்பதி (ஆந்திரப் பிரதேசம்): இமயமலையின் மானசரோவரைக் காண வந்த இந்திரனின் மகள், தனது மோதிரத்தைத் தவறவிட்டு, விண்ணுலகம் திரும்ப வழியின்றி மனிதர்களிடையே மறைந்து வாழ்கிறாள். 1990-ஆம் ஆண்டு மே 9-ஆம் தேதி வெளியான 'ஜகதேக வீருடு அதிலோக சுந்தரி' என்ற தெலுங்குத் திரைப்படத்தின் கரு இதுதான். தமிழில் 'காதல் தேவதை' என்ற பெயரில் மொழிமாற்றம் செய்யப்பட்ட இப்படம், சரியாக 35 ஆண்டுகள் கழித்து 2025 மே 9 அன்று மீண்டும் திரைக்கு வந்தது. ஆனால், மறுவெளியீட்டுக்கு ஏற்ற பிரதி ஒன்றைக் கண்டெடுப்பதே பெரும் சவாலாக இருந்தது.

கதை என்ன?: சுற்றுலா வழிகாட்டியான ராஜு (சிரஞ்சீவி), ஆதரவற்ற நான்கு குழந்தைகளை வளர்த்து வருகிறார். விபத்தில் காயமுற்ற குழந்தையைக் குணப்படுத்தும் வழி தேடி மானசரோவர் செல்லும் அவரிடம், இந்திரஜாவின் (ஸ்ரீதேவி) மோதிரம் கிடைக்கிறது. அது இல்லாமல் அவளால் விண்ணுலகம் திரும்ப இயலாது. எனவே, தான் யார் என்பதை மறைத்துக்கொண்டு ராஜுவின் வீட்டிற்குள் நுழைகிறாள். மோதிரத்திற்காக வந்தவளைக் குழந்தைகளின் அன்பு கட்டிப்போடுகிறது. மறுபுறம், அவளைக் கைப்பற்றத் துடிக்கிறான் மகாத்ரஷ்டா (அம்ரீஷ் புரி) என்ற மந்திரவாதி.

குழந்தை நட்சத்திரங்களாகத் தமிழ் ரசிகர்களுக்கு நன்கு அறிமுகமான ஷாலினி, ஷாமிலி சகோதரிகளும் இதில் நடித்துள்ளனர். கே.ராகவேந்திர ராவ் இயக்கிய இப்படத்தை, வைஜெயந்தி மூவிஸ் சார்பில் சி.அஸ்வினி தத் தயாரித்தார். இசை இளையராஜா.

புயலில் வெளியான படம்: படம் வெளியான அதே நாளில், கடும் புயல் ஒன்று ஆந்திரக் கடலோரத்தைத் தாக்கியது. கிருஷ்ணா டெல்டா உள்ளிட்ட பகுதிகள் பெரும் சேதத்தைச் சந்தித்தன. பல ஊர்களில் திரையரங்குகளுக்குச் செல்லவே வழியில்லாத நிலையிலும், மழை ஓய்ந்த பின் குடும்பம் குடும்பமாகத் திரண்ட மக்கள் இதனை மாபெரும் வெற்றிப் படமாக்கினர்.

திருப்பதியுடன் என்ன தொடர்பு?: படத்தின் முக்கியக் கலைஞர்கள் மூவருக்கும் ஏழுமலையான் ஊருடன் பிணைப்பு உண்டு. ஸ்ரீதேவி 1963-இல் சிவகாசி அருகேயுள்ள மீனம்பட்டியில் பிறந்தவர். அவரது தாயார் ராஜேஸ்வரி திருப்பதியைச் சேர்ந்தவர். சிரஞ்சீவி 2008 ஆகஸ்டில் தமது பிரஜா ராஜ்யம் கட்சியைத் திருப்பதியில் தொடங்கினார். 2009 தேர்தலில் பாலகொல்லு, திருப்பதி ஆகிய இரு தொகுதிகளில் போட்டியிட்டு, பாலகொல்லுவில் தோல்வியடைந்து, அன்றைய சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருப்பதியில் வென்றார். 2022 ஏப்ரலில்தான் திருப்பதி தனி மாவட்டமானது.

இயக்குநர் ராகவேந்திர ராவ், திருமலையை மையமாகக் கொண்ட 'அன்னமய்யா' (1997), 'ஓம் நமோ வெங்கடேசாய' (2017) ஆகிய படங்களையும் இயக்கினார். தேவஸ்தானத்தின் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பக்தி சேனலுக்குத் தலைவராகவும் பொறுப்பு வகித்தார்.

பழைய மரபின் தொடர்ச்சி: தெய்வங்களும் மாயாவிகளும் மனிதர்களோடு உலவும் கதைகள், தெலுங்கு, தமிழ் ரசிகர்களின் பொதுச் சொத்து. பி.நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947-இல் 'சந்தமாமா' இதழைத் தொடங்கினர். அதன் தமிழ் வடிவமே 'அம்புலிமாமா'. அவர்களது விஜயா நிறுவனம், கே.வி.ரெட்டி இயக்கத்தில் 'பாதாள பைரவி' (1951), 'மாயா பஜார்' (1957) ஆகிய படங்களை இரு மொழிகளிலும் வழங்கியது. அஸ்வத்தாமன் இன்றளவும் மறைந்து வாழ்வதாகக் காட்டும் 'கல்கி 2898 ஏடி' (2024) படத்தைத் தயாரித்ததும் வைஜெயந்தி மூவிஸ் நிறுவனமே.

மீட்கப்பட்டது எப்படி?: படச்சுருள்கள் ஈரத்தாலும் வெப்பத்தாலும் சிதையக்கூடியவை. குளிரூட்டப்பட்ட அறையில் முறையாகப் பேணாவிட்டால் நிறம் மங்கும், பூஞ்சை படரும், சுருள் சுருங்கும். இப்படத்திற்கும் நல்ல பிரதியைத் தேடும் பணி பல ஆண்டுகள் நீடித்தது. இறுதியில் கிடைத்த பழைய பிரதியைத் தூசு நீக்கி, கீறல்களைச் சரிசெய்து, டிஜிட்டல் வடிவத்திற்கு மாற்றினர். அதன் பின்னரே 4கே தரத்திலும், முப்பரிமாணத்திலும் படம் திரையிடப்பட்டது.

எல்லாப் படங்களுக்கும் இந்த வாய்ப்புக் கிட்டவில்லை. எச்.எம்.ரெட்டி இயக்கி 1931 அக்டோபர் 31-இல் வெளியான 'காளிதாஸ்', தமிழின் முதல் பேசும் படம். தமிழும் தெலுங்கும் கலந்து ஒலித்த அப்படத்தின் பிரதி எதுவும் இன்று இருப்பதாகத் தெரியவில்லை. பழைய படங்களைச் சேகரித்துக் காக்க 1964-இல் புனேவில் தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்படுவதற்குள், இவ்வாறு அழிந்த படங்கள் ஏராளம்.

ஸ்ரீதேவி 2018 பிப்ரவரியில் துபாயில் காலமானார். அவரது இந்திரஜாவை முதல்முறையாகப் பெரிய திரையில் பார்த்த 2025-ஆம் ஆண்டின் இளம் பார்வையாளர்களில் பலர், படம் முதலில் வெளியானபோது பிறந்திருக்கவே இல்லை. பெற்றோரிடம் கதையாக மட்டுமே கேட்ட படத்தை அவர்கள் திரையரங்கில் காண முடிந்ததற்கு, எங்கோ தப்பிப் பிழைத்திருந்த ஒரு பிரதியே காரணம்.