பிடித்தமும் வாக்குச்சீட்டும்

புதுதில்லியின் லக்ஷ்மிபாய் நகர் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று அங்கு இருப்பதால் தலைநகரத் தமிழர்க்குப் பழகிய பெயர். அங்கு வசிக்கும் ஊழியரின் ஊதியச் சீட்டில் மாதந்தோறும் சி.ஜி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்துக்கான தொகை கழிக்கப்படுகிறது. 1954இல் தில்லியில் தொடங்கிய அத்திட்டத்தின் முதற்பெயரிலேயே 'பங்களிப்பு' என்ற சொல் இருந்தது. ஊழியர் பேச்சிலோ அது என்றும் 'பிடித்தம்'தான். பங்களிப்பில் எழுவாய் கொடுப்பவர். பிடித்தத்தில் எழுவாய் எடுப்பவர். ஓய்வுபெற்றோர் விரும்பினால் சேரலாம். பணியில் இருப்போர்க்குப் பொதுவாக அத்தெரிவு இல்லை.

இத்தகைய கட்டாயத்தை மக்கள் வாக்குக்கு விட்ட நாடு அமெரிக்கா. 2010இல் இயற்றப்பட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை எதிர்த்து, அவ்வாண்டு ஆகஸ்டில் மிசௌரி வாக்காளரில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் வாக்களித்தனர். நவம்பரில் அரிசோனாவும் ஓக்லஹோமாவும் அவ்வழியே சென்றன; கொலராடோ மறுத்தது. மாநில வாக்கெடுப்பு கூட்டாட்சிச் சட்டத்தை வீழ்த்தாது என்பது அறிந்ததே. 2012இல் உச்ச நீதிமன்றம், சட்டம் 'தண்டம்' என்றழைத்ததை 'வரி'யாகக் கொள்ளலாம் என்று கூறிக் கட்டாயத்தை நிலைநிறுத்தியது. அங்கும் வழக்கு ஒரு சொல்லில்தான் வந்து நின்றது.

இந்தியாவில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. அது வாக்குச்சாவடிக்கு வரவில்லை, அவ்வளவே. பி. பி. அதார்க்கரின் 1944ஆம் ஆண்டு அறிக்கையை அடியொற்றி எழுந்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்ததோ 1952 பிப்ரவரி 24 அன்று, கான்பூரிலும் தில்லியிலும். இடைப்பட்ட காலத்தில் முதலாளிகள் எழுப்பிய தடை எளிய கணக்கு: சில நகரங்களில் மட்டும் தொகை வசூலித்தால் அந்நகர ஆலைகளின் உற்பத்திச் செலவு மட்டும் கூடும். எனவே 1951ஆம் ஆண்டுத் திருத்தம், திட்டம் எட்டாத ஊர்களின் முதலாளிகளிடமும் குறைந்த விகிதத்தில் தொகை பெற வழிசெய்தது. கட்டாயத்தின் மீதான மனக்குறைக்கு, கட்டாயத்தை விரிப்பதே மருந்தாயிற்று!

இதைவிட வியப்பானது 2015. தொழிலாளர் இ.எஸ்.ஐ.யையோ அங்கீகரிக்கப்பட்ட பிற மருத்துவக் காப்பீட்டையோ தெரிவு செய்யலாம் என்று நிதியமைச்சர் அருண் ஜேட்லி வரவுசெலவுத் திட்ட உரையில் முன்மொழிந்தார். இ.எஸ்.ஐ.க்கு இருப்போர் வாடிக்கையாளர் அல்லர், பணயக் கைதிகள் என்பது அவர் வாதம். மிசௌரி வாக்காளர் கேட்டதை ஒத்த விடுதலையை இங்கு அரசே நீட்டியது, மறுத்தவை தொழிற்சங்கங்கள். இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளின் வரிசையையும் மருந்துத் தட்டுப்பாட்டையும் பற்றி ஓயாது முறையிட்ட அதே சங்கங்கள்!

இதில் முரண்பாடு இல்லை. அப்போது முதலாளி ஊதியத்தில் 4.75 விழுக்காடும் தொழிலாளி 1.75 விழுக்காடும் செலுத்தினர். அதற்கு ஈடாகக் கிடைத்தது மருத்துவம் மட்டுமன்று: நோய்க்கால ஊதியம், பேறுகால உதவி, பணியிடக் காயத்துக்கு இழப்பீடு, விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு ஓய்வூதியம். மருத்துவமனைக் கட்டணத்தை மட்டும் ஏற்கும் தனியார் காப்பீடு இவற்றைத் தராது. நல்ல ஊதியம் பெறும் இளையோர் விலகினால் பொது நிதியில் எஞ்சுவோர் நோயாளிகளும் குறைந்த கூலியினருமே. 'தெரிவு' என்ற சொல்லைச் சங்கங்கள் ஐயுற்றது அதனாலேயே.

அம்முன்மொழிவு சட்டமாகவில்லை. 2019 ஜூலை முதல் விகிதங்கள் 3.25, 0.75 எனக் குறைந்தன. கட்டாயம் அப்படியே தொடர்ந்தது. ஊதியச் சீட்டில் 'பிடித்தம்' என்ற சொல்லும்.