அண்ணாமலை: மலையேற்றமும் மாறும் மழையும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலுக்குப் பின்னே நிற்கும் அண்ணாமலை 2,668 அடி உயரமுடையது. கார்த்திகைத் தீபத்தன்று உச்சியில் மகாதீபம் ஏற்றப்பட்டு, 11 நாள் எரியும். தீபநாளில் 2,500 பேரை மலையேற அனுமதிப்பது 2023 வரை வழக்கமாக இருந்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்த பின்னும் விரைந்து நகராமல் உள்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. பதிவானது. டிசம்பர் 1 மாலை அண்ணாமலையின் சரிவு பெயர்ந்து, திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடியது. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தனர். பாறைமேல் படிந்த மண் நீரில் ஊறிக் கனத்து, பாறைகளையும் இழுத்துக்கொண்டு சரிந்தது. அடிவாரச் சரிவில் நெருங்கிவிட்ட குடியிருப்புகள் இழப்பைப் பெருக்கின. புவியியல் வல்லுநர்களின் ஆய்வுக்குப் பின், டிசம்பர் 13 தீபத்தன்று பக்தர்கள் மலையேறத் தடை விதிக்கப்பட்டது. தீபக் கொப்பரையும் நெய்யும் சுமப்போர் முதலிய பணியாளர்களே சென்றனர். தடை சரியானதே.

ஒரு புயலை மட்டும் வைத்துக் காலநிலை மாற்றத்தைத் தீர்மானிக்க இயலாது. ஆயினும் கடலும் காற்றும் வெப்பமுறும்போது காற்று தாங்கும் ஈரம் கூடி, பெருமழை கடுமையாகிறது.

தீபம் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலேயே வருவதால், மலையேற்ற அனுமதியை ஆண்டுதோறும் சரிவின் நிலையைச் சோதித்தே வழங்க வேண்டும்.