ஒகேனக்கல் பரிசல்

ஒகேனக்கல் பரிசல் என்பது தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்தில் காவிரி ஆற்றில் பயன்படும் வட்ட வடிவப் படகு ஆகும். இது ஏறத்தாழ 7 அடி விட்டம் கொண்டது. ஒற்றைத் துடுப்பினால் செலுத்தப்படுகிறது. ஈராக்கின் குஃபா, வேல்சின் கோரக்கிள் ஆகியன இதனை ஒத்தவை.

அமைப்பு

மூங்கில் பிளாச்சுகளைப் பின்னிக் கூடை போன்ற சட்டகம் செய்யப்படுகிறது. முற்காலத்தில் அதன் வெளிப்புறம் தோலால் போர்த்தப்பட்டது. பின்னர் நெகிழித் தாளும் தாரும் அவ்விடத்தைப் பெற்றன. அடிப்பகுதி தட்டையாக இருப்பதால் ஆழம் குறைந்த நீரிலும் செல்லவல்லது. முன், பின் என்ற பகுப்பு இல்லாததால், ஒரு பக்கமாக மட்டும் துடுப்பை வலித்தால் சுழலும், இது பழுதன்று.

பழுதுகளும் சீரமைப்பும்

நீர்க்கசிவு: பாறையில் உராய்ந்து உறை கிழிவதால் ஏற்படுகிறது. பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்து, நன்கு காயவிட வேண்டும்; ஈரத்தின் மீது தார் பிடிக்காது. கிழிசலைவிடப் பெரிய ஒட்டுத்துண்டை வைத்து, அதன் ஓரங்கள் மூடுமாறு தார் பூச வேண்டும்.

மூங்கில் முறிவு: முறிந்த பிளாச்சின் கூர்முனை உட்புறமிருந்து உறையைக் குத்தும். ஆதலால் ஒட்டுப் போடுமுன் அதனை நீக்கிப் புதியதைச் செருகிப் பின்ன வேண்டும். இல்லையேல் அதே இடம் மீண்டும் கசியும்.

விளிம்பு தளர்தல்: விளிம்புக் கட்டு தளர்ந்தால் வட்டம் சிதைந்து பின்னல் நெகிழும். கட்டை அவிழ்த்து, மீண்டும் இறுக்கிக் கட்ட வேண்டும்.

பாதுகாப்பு

உட்புகுந்த நீர் எடையைக் கூட்டுவதுடன், பரிசல் சாயும்போது அப்பக்கமே திரண்டு சாய்வை மிகுவிக்கும். எனவே சிறு கசிவுள்ள பரிசலும் பயணிகளை ஏற்றத் தக்கதன்று. காவிரியில் நீர்வரத்து மிகும்போது மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத்துக்குத் தடை விதிப்பது வழக்கம்.